கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு ஒற்றைச் செல் சிப்: ஹீலா செல்லில் ஓடுவது பிரஷ்ஷில் வரும் மாதிரியில் ஓடுமா?

நுண்வாய்க்கால்

வணக்கம். நான் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ், அதாவது நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டும் துறையில் ஆய்வு மாணவன். கருப்பைவாயிலிருந்து சிறு பிரஷ்ஷால் எடுக்கும் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, மாறிப்போன செல்லைக் கண்டுபிடிக்கும் சிப் ஒன்றில் எங்கள் குழு வேலை செய்கிறது. இந்தக் களத்தில் சைட்டாலஜி (செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும்) ஆய்வகத்தில் இருப்பவர்களும் சுகாதார நிலையங்களில் இருப்பவர்களும் உண்டு என்பதால் இங்கே கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் 50 முதல் 200 மைக்ரான் அகலத்தில் வாய்க்கால்களை வார்த்து, கண்ணாடியில் ஒட்டினால் சிப் தயார். இவ்வளவு குறுகிய பாதையில் திரவம் சுழலாது, அடுக்கு அடுக்காக நகரும். அதனால் ஒரு செல் எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. தூண்களைச் சற்றுச் சாய்வான வரிசையில் நட்டால் பெரிய செல் ஒரு பக்கமும் சிறியது மறுபக்கமும் பிரியும். 2004இல் சயன்ஸ் இதழில் வந்த முறை அது. சுருள் வாய்க்காலில் வேகமாக ஓட்டினால் அளவு வாரியாகச் செல்கள் வரிசைகட்டும். எண்ணெய்க்குள் ஒரு நானோலிட்டர் அளவுள்ள நீர்த்துளிகளாக வெட்டி, துளிக்கு ஒரு செல் என்று அடைத்து அதன் ஆர்என்ஏவைப் படிக்கலாம். 2015இல் வந்த டிராப்-செக், இன்டிராப் இரண்டும் இதைத்தான் செய்தன.

எங்கள் ஆர்வத்துக்குக் காரணம் எளிது. ஒரு மாதிரியில் பல பத்தாயிரம் செல்கள் இருக்கின்றன, மாறியவை அவற்றில் மிகச் சில. எல்லாவற்றையும் கரைத்து மொத்தமாக அளந்தால் அந்தச் சில செல்களின் குரல் சராசரியில் அமுங்கிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா, சிஹா, காஸ்கி ஆகிய கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல் வகைகளை வெள்ளணுக்களோடு கலந்து ஓட்டிப் பார்த்ததில் பிரிப்பு நன்றாகவே வருகிறது. அடுத்து நோயாளிகளின் மாதிரி. எதைக் கவனிக்க வேண்டும்? சோதனை நடைமுறையில் இந்தச் சிப்பை எந்த இடத்தில் வைக்கலாம்?

கண்ணாடித்தகடு

தம்பி, நான் சைட்டாலஜியில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். ஸ்லைடு பார்ப்பதுதான் என் வேலை. கேள்வி நல்ல கேள்வி, அதனால் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஹீலாவை முதலில் ஓரமாக வையுங்கள். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் சம்மதம் கேட்காமலேயே எடுத்து வளர்த்த செல் அது. எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) 18ஆம் வகை உள்ள, முழுமையான புற்றுநோய்ச் செல். தட்டிலிருந்து பிரித்து மிதக்கவிட்டால் உருண்டையாக நிற்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. காஸ்கியில் எச்பிவி 16 சுமார் 600 பிரதிகள் இருக்கும், சிஹாவில் ஒன்றிரண்டுதான். சோதனையில் நாம் தேடுவது இவற்றில் எதையும் அல்ல. புற்றாக மாறுவதற்குப் பல வருஷம் முந்தைய நிலையைத் தேடுகிறோம்.

இப்போது பிரஷ்ஷில் என்ன வருகிறது என்று சொல்கிறேன். மேல்தட்டுச் செதிள் செல்கள் 40 முதல் 60 மைக்ரான் அகலம் இருக்கும், ஆனால் தடிமனே கிடையாது. ஓரம் மடங்கிய பலகோணத் தகடுகள். உட்கரு சுருங்கிப்போயிருக்கும், உதிரக் காத்திருக்கும் செல்கள் அவை. அதற்குக் கீழே இடைநிலைச் செல்கள், பிறகு சிறிய பாராபேசல் செல்கள். எண்டோசெர்விக்ஸ், அதாவது கருப்பைவாயின் உட்பாதைச் செல்கள் தேன்கூட்டு வடிவில் கூட்டமாகவே வரும், லேசில் பிரியாது. இவற்றோடு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள், ரத்தம், பாக்டீரியா, சில நேரம் கேண்டிடா என்ற பூஞ்சை. எல்லாவற்றையும் கட்டிப்போடும் சளி வேறு. உங்கள் கணக்கெல்லாம் செல்லை உருண்டை என்று எடுத்துக்கொண்டு போட்டதாக இருக்கும். தகடு போன்ற செல் ஓட்டத்தில் புரண்டுகொண்டே போகும். படுத்தபடி வரும்போது ஓர் அளவு, செங்குத்தாக வரும்போது வேறு அளவு காட்டும்.

அளவை வைத்துப் பிரிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயர்நிலை மாற்றமடைந்த செல்கள் பெரிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவை பெரும்பாலும் சிறியவை. உட்கரு பெரிது, சைட்டோபிளாசம் குறைவு. அதே அளவில்தான் முதிராத மெட்டாபிளாஸ்டிக் செல்களும் (ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிக்கொண்டிருக்கும் நலமான செல்கள்) பாராபேசல் செல்களும் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்ணின் மாதிரியில் கிட்டத்தட்ட எல்லாமே பாராபேசல்தான். உங்கள் சிப் அவரை முழுக்க முழுக்க நோயாளியாகக் காட்டிவிடும். ஸ்லைடில் எங்களையும் அதிகம் யோசிக்கவைப்பது அந்த வயதுப் பெண்களின் மாதிரிகள்தான்.

இன்னொன்று, செல்லின் மென்மையை அளக்கும் சிப்கள். புற்றுநோய்ச் செல் இளகியது, குறுகிய இடத்தில் அதிகம் நெளியும் என்பது சரி. ஆனால் எங்களிடம் வரும் குப்பியில் மெத்தனால் கலந்த திரவம் இருக்கிறது. அதில் விழுந்த நிமிடமே செல் பதப்பட்டு இறுகிவிடுகிறது. நீங்கள் அளப்பது மெத்தனால் செய்த இறுக்கத்தை. புதிய மாதிரி வேண்டுமென்றால் எடுத்த இடத்திலேயே, எடுத்த சில மணி நேரத்தில் சிப் ஓட வேண்டும்.

எண்கணக்கன்

மருத்துவப் புள்ளியியலில் இருக்கிறேன். ஒற்றைச் செல் முறைகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கைப் பலரும் போடுவதில்லை.

சைட்டாலஜி முடிவுகளை எழுதும் பெதெஸ்டா முறைப்படி திரவ மாதிரியில் குறைந்தது 5,000 செதிள் செல்கள் தெரிந்தால்தான் அது போதுமான மாதிரி. உங்கள் சிப் 5,000 செல்லைப் பார்க்கிறது, ஒவ்வொரு நல்ல செல்லையும் 99.9% துல்லியமாக 'நல்லது' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முற்றிலும் நலமான பெண்ணின் மாதிரியிலேயே 5 செல்களை அது கெட்டது என்று சொல்லும். 'ஒரு செல் கிடைத்தாலும் பாசிட்டிவ்' என்பது விதி என்றால் ஊரில் எல்லாப் பெண்களும் பாசிட்டிவ். நலமான பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் தவறு வரலாம் என்று அனுமதித்தாலும், ஏறக்குறைய 50,000 செல்லுக்கு ஒரு பிழைக்கு மேல் இருக்கக் கூடாது.

சரி, 15 செல்லுக்கு மேல் வந்தால்தான் பாசிட்டிவ் என்று வரம்பை உயர்த்தலாமே என்பீர்கள். பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால் அது பலிக்கும். மேலே கண்ணாடித்தகடு மேடம் சொன்ன மாதவிடாய் நின்ற பெண்ணின் மாதிரியில் பிழைகள் மொத்தமாக வரும், ஆயிரம் செல்லும் ஒரே காரணத்தால் தவறும். ஆகவே செல் எண்ணிக்கையைக் காட்டி 'லட்சம் செல்லில் சோதித்தோம்' என்று எழுதாதீர்கள். எத்தனை பெண்கள் என்பதுதான் உங்கள் மாதிரி அளவு.

மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. மாறிய செல் ஆயிரத்தில் ஒன்று என்றால், 5,000 செல் பார்க்கும்போது ஒன்றுகூடச் சிக்காமல் போக வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. துளி முறையில் 1,000 செல்லை மட்டும் படித்தால் அதே வாய்ப்பு 37% ஆகிவிடும். துளி முறையில் இழப்பும் அதிகம். துளிக்குச் சராசரி 0.1 செல் என்று நீர்த்துப் போட்டால்தான் ஒரு துளியில் இரண்டு விழாது. அப்போது 90 சதவீதத் துளிகள் காலியாகப் போகும். ஆராய்ச்சிக்கு அது பரவாயில்லை. ஊர் முழுக்கச் செய்யும் சோதனைக்கு ஆகாது.

மார்கழிப்பூ

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எச்பிவி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கால்போஸ்கோபிக்கு (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. இந்த மாதிரிச் சிப் இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமா?

கண்ணாடித்தகடு

அம்மா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொற்றுகள் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே விரட்டிவிடும். விலகாமல் தங்கும் தொற்று சிலருக்கு மட்டும் செல் மாற்றத்தை உண்டாக்கும். அது புற்றாக முற்றுவதற்கும் பொதுவாகப் பல வருஷம் ஆகும். அடுத்த மாதத் தேதி தாமதமில்லை, ஆனால் தவறவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் 16 அல்லது 18 என்று வகை தனியாகப் போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் அந்த இரண்டு வகைகளால் வருவது. சந்தேகமாக இருந்தால் இங்கேயே கேளுங்கள்.

சிறுமலைச்சாரல்

மார்கழிப்பூ கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. திண்டுக்கல் பக்கம் செவிலியராக இருக்கிறேன். எங்களுக்குத் தினமும் வரும் கேள்வி இதுதான்: 'இன்னைக்கே தெரியுமா, திரும்ப வரணுமா?'

எங்கள் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு பற்றி இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2000இல் தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிறுவனம், பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எல்லாம் சேர்ந்து செய்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள், 114 ஊர்த்தொகுதிகள். அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளையாகிறதா என்று கண்ணால் பார்ப்பது மட்டும்தான் சோதனை, நாங்கள் வியா என்று சொல்வது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். சந்தேகமாக இருந்தால் அதே வருகையில் கால்போஸ்கோபி, தேவைப்பட்டால் அப்போதே உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சை. 2007இல் லான்செட்டில் முடிவு வந்தது: நோய் வருவது 25%, இறப்பு 35% குறைவு.

என் கருத்தில் அந்த வெற்றியில் பாதி 'அதே வருகையில்' என்பதில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெண் ஒருமுறை வருவதே பெரிய விஷயம். ரிப்போர்ட் வரும் வரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு, இரண்டாவது முறை கூப்பிட்டால் வராமல் போகிறவர்களும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்ட பெண்கள் இந்தியா முழுக்க 1.9%, தமிழ்நாட்டில் 9.8%. இந்த நிலையில் சிப் எத்தனை துல்லியமானது என்பதைவிட, அது அந்தப் பெண் கிளம்பிப் போவதற்குள் பதில் சொல்லுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

எண்கணக்கன்

சிஸ்டர் சொன்னதோடு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுமார் 1,31,000 பெண்கள், 2009இல் வெளிவந்தது. எச்பிவி டிஎன்ஏ சோதனை ஒருமுறை செய்த குழுவில் இறப்பு கிட்டத்தட்டப் பாதியானது. சைட்டாலஜி குழுவிலும் வியா குழுவிலும் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு கிடைக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் எச்பிவி டிஎன்ஏவை முதல் சோதனையாகப் பரிந்துரைத்ததில் இப்படிப்பட்ட சான்றுகளின் பங்கு பெரியது. ஆகவே ஒற்றைச் செல் சிப் எச்பிவி சோதனைக்குப் போட்டியாக வரக் கூடாது. முதல் வரிசையில் அதற்கு இடமில்லை.

நுண்வாய்க்கால்

அப்படியானால் இரண்டாவது வரிசை. எச்பிவி பாசிட்டிவ் ஆனவர்களில் யாருக்குச் சிகிச்சை வேண்டும், யாரைக் காத்திருக்கச் சொல்லலாம் என்று பிரிக்கும் இடம். அங்கே ஒற்றைச் செல் என்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

வைரஸின் இ7 புரதம், செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. அதனால் செல்லில் பி16 என்ற புரதம் குவிகிறது. நலமான செல்லில் பி16 என்பது பிரிவதை நிறுத்தும் சைகை, கேஐ-67 என்பது பிரிந்துகொண்டிருக்கும் அடையாளம். இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து இருக்கக் கூடாது. இருந்தால் கட்டுப்பாடு உடைந்துவிட்டது. ஒரு செல்லில் பி16ம் பக்கத்துச் செல்லில் கேஐ-67ம் இருந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. மொத்தமாகக் கரைத்து அளந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அளவு, மென்மை இரண்டையும் விட்டுவிட்டு, இந்த இரண்டு சாயங்களையும் ஓடும் செல்லில் படம் பிடிப்பது சரியான பாதை என்று படுகிறது. மெத்தனாலில் பதப்பட்ட செல்லுக்கும் இது பொருந்தும்.

கண்ணாடித்தகடு

இதைத்தான் இரட்டைச் சாயம் என்று ஸ்லைடில் ஏற்கனவே செய்கிறோம். சின்டெக் பிளஸ் என்று வருகிறது, அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. உட்கருவில் சிவப்பு, சுற்றிலும் பழுப்பு, ஒரே செல்லில் இரண்டும் இருந்தால் போதும், செல்லின் உருவம் எப்படி இருந்தாலும் பாசிட்டிவ். ஆக ஒற்றைச் செல் தீர்ப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைக் கண்ணாடியிலிருந்து வாய்க்காலுக்கு மாற்றினால் என்ன லாபம் என்று நீங்கள் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு செல் ஒட்டிக்கொண்டு ஓடினால் ஒன்றின் பழுப்பும் மற்றதன் சிவப்பும் ஒரே செல் போலத் தெரியும். ஸ்லைடில் நாங்கள் ஃபோகஸை மேலும் கீழும் திருப்பிப் பார்த்து முடிவு செய்வோம். ஓடும் செல்லுக்கு அந்த வசதி இல்லை. எண்டோசெர்விக்ஸ் செல்கள் இதில் உங்களுக்குப் பெரிய தலைவலி தரும்.

தறிநூல்

கருவித் தயாரிப்பில் இருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் இந்தத் துறைக்கு இனிமேல்தான் வரப்போகிறது என்பது போலப் பேசுகிறோம். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சோதனை இயந்திரத்தின் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது அதுதான். மாதிரியை ஊற்றி மூடினால் வால்வு சுழன்று, செல்லை உடைத்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓட்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் எச்பிவி பதில் வருகிறது. காசநோய்க்காக அந்த இயந்திரம் ஏற்கனவே பல ஊர்களில் இருக்கிறது. நம் நாட்டு ட்ரூநாட்டும் சிப்பில் ஓடும் பிசிஆர்தான், அதிலும் எச்பிவி சிப் உண்டு. இவை பிழைத்ததற்குக் காரணம் சளியோ ரத்தமோ எதைக் கொடுத்தாலும் உள்ளேயே கழுவிக்கொள்வது. ஆய்வுக் கட்டுரைகளில் பாதி அழகான சிப்கள் வெளியே வராததற்குக் காரணம், சிப்புக்கு முன்னால் செய்யும் சுத்திகரிப்பை ஒரு மாணவர் சென்ட்ரிஃப்யூஜில் கையால் செய்து கொடுப்பதுதான்.

ஓட்ட வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் ஒரு மில்லிலிட்டர் ஓட 100 நிமிடம். திரவக் குப்பியில் இருப்பது 20 மில்லி. செறிவாக்காமல் முடியாது. பிடிஎம்எஸ் வார்ப்பும் ஆய்வகத்துக்குத்தான். லட்சக்கணக்கில் செய்ய வேண்டுமானால் சிஓசி போன்ற பிளாஸ்டிக்கில் இன்ஜெக்ஷன் மோல்டிங். அச்சு செய்யவே பெரும் செலவு, அப்புறம் வடிவத்தை மாற்ற முடியாது. சாய்வுத் தூண் வடிவம் அச்சிலிருந்து கிழியாமல் கழன்று வருமா என்பதை இப்போதே ஒரு டூல்ரூமில் விசாரியுங்கள்.

சிறுமலைச்சாரல்

எனக்கு ஒரு சந்தேகம். இப்போது பெண்களே தாங்களாக ஸ்வாப் வைத்து எடுத்துக்கொடுப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கூச்சம் இல்லை, உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் இல்லை, ஆண் மருத்துவர் இருக்கிறாரா என்ற பயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து எல்லாப் பெண்களுக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. அப்படி எடுத்த மாதிரியில் உங்கள் இரட்டைச் சாயம் வேலை செய்யுமா?

கண்ணாடித்தகடு

சிஸ்டர் சரியான இடத்தைப் பிடித்தீர்கள். தானே எடுக்கும் மாதிரியில் பெரும்பாலும் யோனிச் சுவரின் செல்கள்தான். எச்பிவி டிஎன்ஏ தேட அது போதும், பிசிஆர் முறையில் மருத்துவர் எடுத்ததற்கு ஈடாகவே வருகிறது. செல்லைப் பார்த்து முடிவு சொல்ல அது போதாது. நெதர்லாந்தில் 2017இலிருந்து எச்பிவிதான் முதல் சோதனை, தானே எடுக்கவும் அனுமதி உண்டு. ஆனால் பாசிட்டிவ் வந்தால் சைட்டாலஜிக்காக மருத்துவரிடம் போய் மறுபடி மாதிரி கொடுக்க வேண்டும். இரண்டாவது வருகை அங்கேயும் தேவைப்படுகிறது.

எண்கணக்கன்

அதனால்தான் மெத்திலேஷன் சோதனைகளை நான் கவனித்து வருகிறேன். எஃப்ஏஎம்19ஏ4, எம்ஐஆர்124-2 போன்ற மரபணுக்களில் செல் மாறும்போது ஏறும் மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் பிசிஆரில் பார்ப்பது. உருவம் தேவையில்லை என்பதால் தானே எடுத்த மாதிரியிலும் ஓடுகிறது. நுண்வாய்க்கால், உங்கள் உண்மையான போட்டி இதுதான்.

தறிநூல்

ஆனால் அதற்கு முன்னால் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருள் கொண்டு டிஎன்ஏவை மாற்ற வேண்டும். சூடு, அமிலம், பிறகு கழுவல், டிஎன்ஏவும் சிதையும். அதைக் கார்ட்ரிட்ஜுக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. ஒரு மணி நேரக் கணக்குக்குள் கொண்டுவருவது அதைவிடக் கடினம். இரண்டு பாதையும் திறந்தே இருக்கிறது என்பேன்.

நுண்வாய்க்கால்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பேச்சிலிருந்து எங்கள் திட்டத்தை இப்படி மாற்றப் பேராசிரியரிடம் கேட்கப்போகிறேன். செவிலியர் பிரஷ்ஷால் எடுக்கும் மாதிரிக்கு மட்டும் சிப். எச்பிவி சோதனைக்கு எடுத்த அதே குப்பியின் மீதியில் ஓட வேண்டும், அந்தப் பெண் அங்கே இருக்கும்போதே. சாய்வுத் தூண் வரிசையின் வேலை நோயைக் கண்டுபிடிப்பது அல்ல. பெரிய செதிள்களையும் சிறிய நியூட்ரோஃபில்களையும் ஒதுக்கி, நடு அளவுள்ளவற்றை மட்டும் செறிவாக்குவது. மாறிய செல்லும் பாராபேசலும் மெட்டாபிளாஸ்டிக்கும் சேர்ந்தே வரட்டும், தீர்ப்பை இரட்டைச் சாயம் சொல்லும். அப்போது பார்க்க வேண்டிய செல்கள் குறையும், எண்கணக்கன் சொன்ன பிழைக் கணக்கும் கொஞ்சம் தாங்கும். சாயத்தைச் செல்லில் சேர்க்கும் ஆன்டிபாடி ஒட்டும் நேரம்தான் இப்போது பெரிய தடை, ஸ்லைடில் மணிக்கணக்கில் ஆகிறது. வாய்க்காலில் பரவும் தூரம் குறைவு என்பதால் அதைச் சுருக்க முடியுமா என்று முதலில் பார்க்கிறோம்.

மார்கழிப்பூ, கால்போஸ்கோபி முடிந்ததும் விருப்பம் இருந்தால் எழுதுங்கள்.

கண்ணாடித்தகடு

நல்லது தம்பி. மாதிரி வாங்கும்போது நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ரிப்போர்ட் முடிந்த மீதிக் குப்பிகளைக் கேளுங்கள். எச்பிவி பாசிட்டிவாகவும் பயாப்ஸி முடிவு உள்ளதாகவும் இருக்கட்டும். பெயரும் முடிவும் உங்களுக்குத் தெரியாமல், எண் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றவர்கள், அழற்சி உள்ளவர்கள், பிரசவம் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள் எல்லாரும் அதில் கலந்து வர வேண்டும். ரத்தம் கலந்த குப்பிகளை 'ஓடாது' என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகாமில் வருவது பாதி அப்படித்தான் இருக்கும். கிளேசியல் அசிட்டிக் அமிலம் சேர்த்துச் சிவப்பணுக்களை உடைத்து மறுபடி ஓட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் சாயம் ஒட்டுகிறதா என்பதை நலமான மாதிரியில் தனியாகச் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் ஓட்டத்தின் படங்களை இங்கே போடுங்கள், எந்தச் செல் எது என்று நான் குறித்துத் தருகிறேன்.